சந்திரகலாவுக்கு நினைவஞ்சலி

8 ஜனவரி 2024

அன்புள்ள ரமணி அக்காவுக்கு,

தம்பி விமலன் எழுதுகிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா? மச்சானுக்கு டயாலிசிஸ் ஒழுங்காக நடக்கிறதா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. தொண்டை மட்டும் கட்டிக்கொண்டிருக்கிறது, அதுவும் என் வாயால் வந்ததுதான்.

போன வாரம் சிறையில் புதிய தண்ணீர்த் தொட்டி திறந்தார்கள். வெளியே நான் கல்யாண மண்டபங்களில் அறிவிப்பாளராக இருந்தவன் என்று யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள். நம்ம ஆள் ஒருவர் இங்கே அதிகாரி. அவர் கூப்பிட்டு, "விமலன், நீதான் எம்சி. மலாய்லயே பேசு. கொஞ்சம் பெர்செஜாரா எல்லாம் போட்டுப் பேசு லா" என்றார். அதாவது, வரலாற்றுச் சிறப்புமிக்க நிகழ்வு என்று சொல்ல வேண்டுமாம். தண்ணீர்த் தொட்டிக்கு. சொன்னேன். இந்த வளாகத்தின் வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட வேண்டிய நாள் என்றும் சேர்த்துக்கொண்டேன். எல்லோரும் கைதட்டினார்கள். இத்தனை வருடம் கழித்து மைக் பிடித்ததில் எனக்கே லேசாக மயக்கம் வந்தது.

அக்கா, குமுதா ஏன் வருவதில்லை? செராஸ் கல்யாணத்தில் குடித்துவிட்டு வண்டி எடுத்து, மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவரின் உயிரை வாங்கி, நான் இங்கே வந்தபோதுகூட அவள் என்னைத் திட்டிக்கொண்டேதான் மாதாமாதம் பஸ் ஏறி வந்தாள். செப்டம்பருக்குப் பிறகு கடிதமும் இல்லை, ஆளும் இல்லை. போன் பேச அனுமதி கிடைத்தபோது அவள் நம்பர் போகவில்லை. உன் நம்பர் போனது, நீ எடுக்கவில்லை.

மாதவி எப்படிப் படிக்கிறாள்? அவளுக்கு அப்பாவின் அன்பைச் சொல்.

உன் தம்பி,
விமலன்


2 பிப்ரவரி 2024
கிள்ளான்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். உன் தொண்டைக்கு வெந்நீர் கேட்டால் கொடுப்பார்களா? கொடுத்தால் உப்புப் போட்டுக் கொப்பளி.

கடிதம் கிடைக்கத் தாமதமானது. தமிழில் எழுதினால் அதைப் படித்துப் பார்க்க அங்கே ஆள் கிடைக்க வேண்டும் என்று நீதான் சொன்னாய். எனக்கு மலாயில் வீட்டு விஷயமெல்லாம் எழுத வராது.

போனை எடுக்கவில்லை என்று கோபிக்காதே. சேலைக்கடையில் ஒரே இரைச்சல். கடை இல்லாத நாளில் உன் மச்சானை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போய் அங்கேயே உட்கார்ந்திருக்கிறேன். அதனால்தான் உன்னைப் பார்க்க வரவும் முடியவில்லை. அவர் முன்பு மாதிரி இல்லை, படி ஏறினால் மூச்சு வாங்குகிறார்.

குமுதா தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்திருக்கிறாள். நீண்ட ஷிப்டு. லீவு கேட்டால் கொடுப்பதில்லையாம். போன் நம்பரையும் மாற்றிவிட்டாள். மாதவி என்னோடு இருக்கிறாள். பள்ளிக்கூடமும் இங்கேயே மாற்றியாயிற்று. நன்றாகப் படிக்கிறாள். சாப்பாடுதான் சரியாகச் சாப்பிடுவதில்லை. இந்த வயதில் எல்லாப் பிள்ளையும் அப்படித்தான்.

நீ மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

அக்கா ரமணி


20 பிப்ரவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸில் பாதிப் பெண்களுக்குக் குமுதாதான் ரவிக்கை தைக்கிறாள். தீபாவளிக்கு முன்னால் வீட்டுக்குள் நடக்க இடம் இருக்காது, துணி குவிந்து கிடக்கும். அவள் எதற்காகத் தொழிற்சாலைக்குப் போகிறாள்? மாதவியின் பள்ளிக்கூடத்தை எதற்காக மாற்றினீர்கள்?

அக்கா, சுற்றி வளைக்காதே. அவள் என்னை விட்டுப் போய்விட்டாளா? அப்படியென்றால் ஆமாம் என்று ஒரே வார்த்தை எழுது. நான் தாங்கிக்கொள்வேன். முதல் வருடம் மாதிரி எதுவும் செய்துவிட மாட்டேன்.

விமலன்


15 ஏப்ரல் 2024
கிள்ளான்

அன்புள்ள தம்பிக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. உனக்குப் பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துபோனேன்.

நீ கேட்டதற்கு ஆமாம்.

ஜொகூரில் அவள் அக்கா வீட்டில் இருக்கிறாள். மேலே எதுவும் கேட்காதே. அவளைத் திட்டாதே. தேடாதே. மாதவியை நான் பார்த்துக்கொள்கிறேன், அவளுக்கு ஒரு குறையும் வராது.

இன்னொரு விஷயம், உன்னால் முடிந்தால். பிரிக்பீல்ட்ஸில் உங்கள் பிளாட்டுக்கு அடுத்த பிளாக்கில் சந்திரகலா என்று ஒருத்தி இருந்தாள். உனக்குத் தெரிந்திருக்காது, பிறகு வந்தவர்கள். டெங்கிக் காய்ச்சல் வந்து இறந்துபோனாள். அவள் மகளும் மாதவியும் ஒன்றாகப் படித்தவர்கள். அக்டோபரில் முதலாம் ஆண்டு வருகிறது, பத்திரிகையில் நினைவஞ்சலி போட வேண்டும், எங்களுக்கு எழுதத் தெரியவில்லை என்று அந்தப் பிள்ளை கேட்கிறாள். நீ முன்பு அச்சகத்துக்கு இதெல்லாம் எழுதிக்கொடுப்பாயே. உனக்கும் மனம் கொஞ்சம் வேறு பக்கம் போகும் என்று நினைத்தேன்.

அக்கா


2 மே 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. வெயில் நேரத்தில் மச்சானை வெளியே நடக்கவிடாதே.

போகட்டும் அக்கா. நான்கு நாள் யாருடனும் பேசவில்லை. என் அறையில் நாகையா என்று ஒரு பெரியவர் இருக்கிறார். அவர்தான் சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்து, "பொண்டாட்டி போனா என்னாயா, அவளாவது நல்லா இருக்கட்டுமே, சாப்பிடு" என்றார். மனதுக்குள் அவளை நிறையத் திட்டினேன், நீ வேண்டாம் என்று சொல்லியும். திட்டத் திட்டச் சோறு இறங்கியது. இப்போது ஜொகூரில் எந்தக் கடைக்காரியின் ரவிக்கையைப் பிரித்துத் தைத்துக்கொண்டிருக்கிறாளோ.

சந்திரகலா அம்மாளுக்கு எழுதியிருக்கிறேன்.

"பாசத்தின் இமயமாய், பண்பின் சிகரமாய் வாழ்ந்து, ஈடு செய்ய முடியாத பேரிழப்பில் எங்களை ஆழ்த்தி, காலத்தால் அழியாத நினைவுகளை விட்டுச்சென்ற எங்கள் குடும்பத்தின் குத்துவிளக்கே…"

இதற்கு மேலும் நான்கு வரி இருக்கிறது, தனித் தாளில் வைத்திருக்கிறேன். எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தால் எனக்குத் திருப்தி இல்லை. அச்சகத்தில் இதையேதான் மாற்றி மாற்றிப் போடுவோம். தலைவர் வந்தால் வரலாறு காணாத கூட்டம். பிள்ளை பிறந்தால் பொன்னான தருணம். செத்தால் பேரிழப்பு. மூன்று டப்பாவில் வார்த்தை வைத்திருந்தோம், வந்தவர் முகத்தைப் பார்த்து எந்த டப்பா என்று முடிவு செய்வோம். இங்கே அறையில் உட்கார்ந்து அதே டப்பாவைத் திறக்கக் கூச்சமாக இருக்கிறது. என்னைக் குற்றம் சாட்டிய நாளில் செத்தவரின் பெயரை ஒரு முறைதான் வாசித்தார்கள். பெயர், வயது, இடம், நேரம். ஒரு பெரிய வார்த்தை இல்லை. அதை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை.

அந்தப் பெண்மணி எப்படிப்பட்டவர்? அவரிடம் மட்டும் இருந்த ஏதாவது ஒரு குணம் இருக்கும். அந்தப் பிள்ளையிடம் கேட்டு எழுது.

உன் தம்பி


30 மே 2024
கிள்ளான்

அன்புள்ள தம்பிக்கு,

நீ சாப்பிட ஆரம்பித்தது கேட்டு நிம்மதி. அந்தப் பெரியவருக்கு என் வணக்கத்தைச் சொல். உன் மச்சானுக்குப் போன வாரம் இரத்தம் குறைந்து ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள், வந்துவிட்டார்.

நீ அனுப்பியது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளை படித்துவிட்டு, "இது எங்கம்மா இல்லை" என்று சொல்லிவிட்டாள். அதனால் கேட்டு எழுதுகிறேன்.

பாலர் பள்ளியில் ஆசிரியையாக இருந்தாள். அதிகம் பேச மாட்டாள். கோபம் வந்தால் பாத்திரம் பேசும். டீயில் சீனி போடாமல் பக்கத்தில் வைத்துக்கொண்டு குடிப்பாள். யாராவது பிள்ளை பெற்றால் முதல் ஆளாகப் போய்ப் பத்தியம் சமைத்துக் கொடுப்பாள், ஆனால் பிள்ளையைத் தூக்க மாட்டாள், பயம். கல்யாணத்துக்குப் போனால் எவ்வளவு கூப்பிட்டாலும் முன்னால் வர மாட்டாள். கடைசி வரிசையில்தான் உட்காருவாள். மைக்கில் யாராவது பெரிய பெரிய வார்த்தையாகப் பேசினால் தலையைக் குனிந்து முந்தானையை வாயில் வைத்துச் சிரிப்பாள். தோள் மட்டும் குலுங்கும்.

காய்ச்சல் வந்தும் இரண்டு நாள் வேலை பார்த்தாள். பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே அதிக நாள் இல்லை.

இவ்வளவுதான் தெரியும். உன்னால் முடிந்ததைச் செய்.

அக்கா ரமணி


17 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

மச்சானை நன்றாகப் பார்த்துக்கொள். நீயும் நேரத்துக்குச் சாப்பிடு.

எழுதியிருக்கிறேன். பெயர் வர வேண்டிய இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

"இவர் அதிகம் பேசவில்லை. உழைத்தார். பிள்ளை பெற்ற பெண்களுக்குச் சமைத்துக் கொடுத்தார். கல்யாண வீடுகளில் கடைசி வரிசையில் உட்கார்ந்து சிரித்தார். காய்ச்சலோடும் வேலை பார்த்தார். இவருக்கு ஒரு மகள் இருக்கிறாள். இவர் போய்விட்டது தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும்."

இதில் ஒன்றும் சேர்க்க வேண்டாம்.

விமலன்


12 ஜூலை 2024
கிள்ளான்

அன்புள்ள தம்பிக்கு,

சுகமாக இருக்கிறாயா? உன் கடிதம் ரொம்பச் சின்னதாக இருந்தது. காய்ச்சல் ஏதும் இல்லையே?

நீ எழுதியதை மாதவி முதலில் படித்தாள். தாளை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். பிறகு வந்து, "அத்தை, இதையே போடலாம்" என்றாள். எனக்கும் படித்ததும் என்னவோ செய்தது. நீ இப்படி எழுதுவாய் என்று எனக்குத் தெரியாது தம்பி. மேடையில் நீ பேசும்போது எனக்குப் பாதி புரியாது, பெருமையாக மட்டும் இருக்கும்.

நீ குமுதாவைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அதற்கு முந்தின கடிதத்தில் ஜொகூர் என்றெல்லாம் எழுதியிருந்தாய். கேட்கவும் இல்லை, திட்டவும் இல்லை. எனக்கு என்னவோ பயமாக இருக்கிறது. ஒழுங்காகத் தூங்குகிறாயா என்று மட்டும் எழுது.

அக்கா


5 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

தூங்குகிறேன். சாப்பிடுகிறேன். நீ பயப்படுகிற மாதிரி எதுவும் இல்லை. நம் அப்பாவின் மேல் ஆணையாகச் சொல்கிறேன், போதுமா?

சுதந்திர தின நிகழ்ச்சிக்கு எம்சியாக இருக்கச் சொன்னார்கள். முடியாது என்றேன். அதிகாரி, "என்ன விமலன், அன்னைக்கு எவ்ளோ நல்லா பேசின" என்றார். தொண்டை போய்விட்டது என்று சொன்னேன். வேறு ஒரு பையனைப் போட்டுவிட்டார்கள். தோட்டத்தில் களை பிடுங்கும் வேலை கேட்டு வாங்கிக்கொண்டேன். நாகையா என் கூடவே வருகிறார், கண்ணை எடுப்பதில்லை. நீதான் அவருக்குச் சொல்லியனுப்பினாய் போலிருக்கிறது என்று கிண்டல் செய்தேன்.

மாதவி டீ குடிக்கிறாளா? மைலோவா?

மச்சானைக் கேட்டதாகச் சொல்.

விமலன்


3 செப்டம்பர் 2024
கிள்ளான்

தம்பி விமலனுக்கு,

இந்தக் கடிதம் வரும்போது நாகையா உன் பக்கத்தில் இருந்தால் நல்லது. அவரை உட்காரச் சொல்லிவிட்டுப் படி.

சந்திரகலா என்று யாரும் இல்லை. குமுதாதான். போன வருடம் அக்டோபரில் டெங்கி. தீபாவளித் துணி நிறைய இருந்தது, இரண்டு நாள் காய்ச்சலோடு மெஷினில் உட்கார்ந்திருந்தாள். மாதவி எனக்குப் போன் போட்டு நான் போய்ச் சேர்ந்தபோது ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருந்தார்கள். உன் மச்சானுக்கு அன்று டயாலிசிஸ், நான் திரும்பிவிட்டேன். மறுநாள் போனால் முடிந்துவிட்டது. கருமக்கிரியை எல்லாம் முறைப்படி செய்தோம். அவள் அண்ணன் மகன் ஜீவன் கொள்ளி வைத்தான்.

உனக்குச் சொல்ல வேண்டாம் என்று நான்தான் முடிவு செய்தேன். முதல் வருடம் நீ உன்னையே முடித்துக்கொள்ளப் பார்த்தபோது, சிறையிலிருந்து போன் வந்தது குமுதாவுக்கு. அவள் அன்று என் வீட்டு வாசலில் வந்து நின்ற நிலை எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. மறுபடி அப்படி ஒரு போன் எனக்கு வந்தால் என்னால் முடியாது. போனில் பேசினால் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும், அதனால்தான் எடுக்கவில்லை.

விட்டுப் போய்விட்டாளா என்று நீ கேட்டாய். அதைப் பிடித்துக்கொண்டேன். நீ கோபத்தில் உயிரோடு இருப்பாய் என்று நினைத்தேன். உன்னை ஒரு நாளும் விட்டுப் போகாதவள் மேல் பழி போட்டேன். அவள் படத்துக்கு விளக்கு வைக்கும்போது ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

மாதவிக்குத்தான் நினைவஞ்சலி நீ எழுத வேண்டும் என்று ஆசை. அதற்காக இன்னொரு பொய். பெயருக்கு இடம் விட்டிருந்தாய். அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். உனக்குத் தெரியுமா தம்பி? தெரிந்துதான் எழுதினாயா?

அக்கா


22 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தெரியும். கடைசி வரிசை என்று எழுதியிருந்தாயே, அங்கே தெரிந்துவிட்டது. நீ பக்கத்திலிருந்து பார்த்திருப்பாய். நான் மேடையிலிருந்து பார்த்தவன். "பொன்னான இந்த வேளையிலே" என்று நான் ஆரம்பித்தால் அங்கே அந்தத் தலை குனியும், தோள் குலுங்கும். வீட்டுக்கு வந்து, "தாலி கட்டுறான், அவ்ளோதானே? அதுக்கு எதுக்குய்யா வரலாறெல்லாம்?" என்பாள். அவளைச் சிரிக்க வைக்கவே சில இடங்களில் கூடுதலாக இரண்டு வார்த்தை போட்டிருக்கிறேன். ஆசிரியை என்று எழுதிவிட்டு இதையும் எழுதினால் எப்படி அக்கா ஒளிப்பாய்?

நான் சொல்லாததற்குக் காரணம், நீ என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாய். அங்கே மச்சானையும் மாதவியையும் வைத்துக்கொண்டு, இதையும் செய்துகொண்டிருந்தாய். எனக்குத் தெரிந்துவிட்டது என்று தெரிந்தால் நீ போன் மணி அடிக்கும்போதெல்லாம் செத்துப் பிழைப்பாய்.

பழி போட்டதற்கு வருந்தாதே. அவள் ஜொகூரில் இருக்கிறாள் என்று நம்பித் திட்டிக்கொண்டிருந்தேனே, அந்தக் கொஞ்ச நாள்தான் எனக்குக் கடைசியாகக் கிடைத்த நல்ல காலம். என்னை விட்டுவிட்டு எங்கேயோ டீ குடித்துக்கொண்டிருக்கிறாள் என்பதைவிட நல்ல செய்தி எனக்கு இனி யாரும் சொல்ல முடியாது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். கடைசியில் மாதவிதான் கூட இருந்திருப்பாள் போல. குமுதா என்ன சொன்னாள்? எனக்காக ஏதாவது சொல்லியிருந்தால், எவ்வளவு கடுமையாக இருந்தாலும் சரி, அப்படியே வேண்டும். அழகுபடுத்த வேண்டாம் என்று மாதவியிடம் சொல்.

விமலன்


14 அக்டோபர் 2024
கிள்ளான்

அப்பாவுக்கு,

நான் நலம். மாமா ஆஸ்பத்திரியில் இருக்கிறார், அத்தையும் அங்கேதான். அதனால் நான் எழுதுகிறேன்.

நினைவஞ்சலி நேற்று வந்தது. நீங்கள் எழுதியது வரவில்லை. நாங்கள் கொடுக்கப் போனபோது பத்திரிகை ஆபீஸ் கவுண்டரில் இருந்த ஆன்டி, "இப்படிப் போட்டா யாரும் படிக்க மாட்டாங்க மா, வழக்கமா போடறதயே போடலாம்" என்றார். அத்தை மாமாவை அப்போதுதான் வார்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். சரி என்று சொல்லிவிட்டார். ஈடு செய்ய முடியாத பேரிழப்பு என்று வந்திருக்கிறது. படமும் தெளிவாக இல்லை.

உங்கள் கேள்வியை அத்தை காட்டினார். அழகுபடுத்த வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள்.

அம்மா உங்களைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. என்னைப் பற்றியும் சொல்லவில்லை. அதிகமாகத் தூங்கினார். கண்ணைத் திறந்தால் தண்ணீர் கேட்டார். உங்களுக்குச் சொல்ல வேண்டுமா என்று நான் ஒரு தடவை கேட்டேன், காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. கடைசியாக என் கையைப் பிடித்து, "அடுப்ப அணைச்சிட்டியா?" என்றார். நாங்கள் வீட்டைப் பூட்டி வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அணைத்தேனா என்று எனக்கு ஞாபகம் இல்லை. "அணைச்சிட்டேன் மா" என்றேன். "சரி" என்றார். பிறகு நர்ஸ் வந்து என்னை வெளியே நிற்கச் சொன்னார்.

அவ்வளவுதான் அப்பா. வேறு எதுவும் இல்லை. நான் நிறைய தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன்.

வீட்டுக்குப் போனதும் முதலில் சமையலறைக்குத்தான் போனேன். அணைந்துதான் இருந்தது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாதவி